சேர்ந்த பிறகு யாரைக் கேட்பது?

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து ஆகஸ்ட் வரை தமிழ்நாட்டில் மேற்படிப்பு ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. தொலைக்காட்சியில் கட்-ஆஃப் அலசல், நாளிதழ்கள் நடத்தும் வழிகாட்டி நிகழ்ச்சிகள், கல்யாண மண்டபங்களில் கல்விக் கண்காட்சி, 2022 முதல் 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் அரசே நடத்தும் 'கல்லூரிக் கனவு'. பொறியியலுக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது 1997இல். கணிதத்துக்கு நூறு, இயற்பியலுக்கு ஐம்பது, வேதியியலுக்கு ஐம்பது என இருநூறுக்குப் போடும் அந்தக் கணக்கு, கல்லூரி வாசலையே மிதிக்காத குடும்பங்களுக்கும் இன்று அத்துப்படி. இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. உயர்கல்வியில் சேருவோர் விகிதம் நாடு முழுவதும் 28 சதவீதத்தை ஒட்டி நின்ற 2021-22இல் தமிழ்நாடு 47ஐத் தொட்டது என்றால், இந்தக் கூட்டு முயற்சிக்கும் அதில் பங்கு உண்டு.

சீட்டு கிடைத்து, கட்டணம் கட்டி, அடையாள அட்டை கழுத்தில் ஏறியதும் எல்லாக் குரலும் நின்றுவிடுகிறது. எந்தப் பாடத்தை எடுப்பது, எதை விடுவது, மூன்று வருடமோ நான்கு வருடமோ கழித்து இந்தப் பட்டம் எந்த வேலைக்கு, எந்த மேற்படிப்புக்குச் செல்லும் என்ற கேள்விகள் அதற்குப் பிறகுதான் எழுகின்றன. அவற்றுக்குப் பதில் சொல்லக் கல்லூரிக்குள் ஓர் ஏற்பாடு இருக்கிறது: ஃபேக்கல்டி அட்வைசர், மென்டர், கிளாஸ் இன்சார்ஜ் என்று இடத்துக்கு ஒரு பெயரில் வழங்கும் ஆசிரியர் ஆலோசகர் முறை. இருக்கும் ஏற்பாடுகளில் இதுவே சிறந்தது, இதுவே அதிகம் வீணடிக்கப்படுவதும்கூட என்பது என் எண்ணம்.

நான் வசிக்கும் சென்னை பெசன்ட் நகரிலிருந்து பார்த்தால் இம்முறையின் எல்லா வடிவங்களும் கூப்பிடு தூரத்தில்தான். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம். அதன் பொறியியல் ஒழுங்குமுறைகளில் ஆலோசகருக்கென்று தனிப் பிரிவே உண்டு. துறைத்தலைவர் குறிப்பிட்ட எண்ணிக்கை மாணவர்களை ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்கிறார்; படிப்பு முடியும்வரை அவர்தான் ஆலோசகர். பாடப் பதிவுக்கு வழி சொல்வது, பதிவை அங்கீகரிப்பது, வருகையையும் தேர்ச்சியையும் கண்காணிப்பது, தேவைப்பட்டால் பெற்றோரிடம் பேசுவது எல்லாம் அவர் பொறுப்பு. பக்கத்திலேயே ஐ.ஐ.டி.; அங்கும் ஃபேக்கல்டி அட்வைசர் உண்டு, கூடவே புதியவர்களைக் கவனித்துக்கொள்ள 'சாத்தி' என்ற மூத்த மாணவர் குழுவும் உண்டு. கதீட்ரல் சாலை, நுங்கம்பாக்கம், மயிலாப்பூர்க் கலைக் கல்லூரிகளில் மென்டர் முறை.

இந்த யோசனை பிறந்த காரணத்தைக் கவனிக்க வேண்டும். ஹார்வர்டில் 1869 முதல் நாற்பது ஆண்டுகள் தலைவராக இருந்த சார்லஸ் எலியட், எல்லாரும் ஒரே பாடத்திட்டத்தைப் படித்த வழக்கத்தைத் தளர்த்தி, மாணவரே பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாக்கினார். தேர்வு விரிந்ததும் திகைப்பும் வந்தது. கூட இருந்து சொல்ல ஓர் ஆசிரியர் தேவைப்பட்டார். 1972இல் பர்ன்ஸ் குரூக்ஸ்டன் எழுதிய ஒரு கட்டுரை இதை இன்னும் ஒரு படி நகர்த்தியது. இதை எடு, அதை எடுக்காதே என்று மருந்துச் சீட்டு எழுதுவதைப் போன்ற ஆலோசனை ஒருவகை. மாணவர் தானே யோசித்து முடிவெடுக்கப் பழக்குவது இன்னொருவகை, அதுவும் கற்பித்தலே என்றார் அவர். இன்றுவரை இத்துறையில் பேசுகிறவர்கள் அந்தக் கட்டுரையைத் தாண்டிப் போவதில்லை.

நம்மிடம் கதை வேறு மாதிரி நடந்தது. லயோலாவும் கிறித்தவக் கல்லூரியும் 1978இல் தன்னாட்சி பெற்றன. பின்னர் கிரெடிட் முறை பரவியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் பட்டத்துக்கு 140 கிரெடிட் என்று கணக்கு வந்தது. தாளில் 'விருப்பப் பாடம்' என்ற சொல் பெருகியது. ஆனால் துறையில் எத்தனை ஆசிரியர் இருக்கிறார்கள், யாருக்கு எந்தத் தாள் நடத்த வரும் என்பதை வைத்துத்தான் பெரும்பாலான கல்லூரிகளில் விருப்பப் பாடம் முடிவாகிறது. வகுப்பில் அறுபது பேர் இருந்தால் அறுபது பேருக்கும் ஒரே விருப்பம். அப்படிப்பட்ட இடத்தில் ஆலோசகர் எதற்கு ஆலோசனை சொல்வார்? அவருக்கு மிஞ்சுவது கையெழுத்தும் வருகைப் பதிவும்தான். ஆசிரியர்களைக் குறை சொல்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இதற்கு நேர் எதிராகச் சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்பைச் சொல்லலாம். ஒரு பருவத்தில் எத்தனை பாடம் எடுப்பது, அடிப்படை நிலையோடு நிற்பதா, டிப்ளமோவோடு விலகுவதா, 142 கிரெடிட் முடித்து பி.எஸ். பட்டம் வரை போவதா என்பதை மாணவரே தீர்மானிக்கிறார். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர் ஒரு கணக்குப் போடுகிறார், கல்லூரியில் இன்னொரு பட்டம் படித்துக்கொண்டே சேர்ந்தவர் வேறு கணக்குப் போடுகிறார். பட்டப்படிப்பைத் திட்டமிடுவது என்றால் என்ன என்பது அங்கே பளிச்சென்று தெரிகிறது.

இனி ஆலோசகர் முறையின் நன்மைகளுக்கு வருகிறேன். பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டுப் பொறியியலுக்கு வரும் பிள்ளைக்கு முதல் செமஸ்டர் கணிதத்தில் அரியர் விழுவது இங்கே புதிய செய்தியல்ல. கணக்குத் தெரியாமல் விழுவது கொஞ்சம்தான். கேள்வி புரியாமலும், ஆங்கிலத்தில் எழுதத் தயங்கியும் விழுவதே அதிகம். அந்தப் பிள்ளையை அக்டோபர் மாத இன்டர்னல் தேர்விலேயே அடையாளம் கண்டு, தன் அறைக்குக் கூப்பிட்டு, தமிழிலேயே பேசி, 'இது உன் தப்பு இல்லடா, மார்ச்சுக்குள்ள பழகிடும்' என்று சொல்லும் ஓர் ஆசிரியர் இருந்தால் போதும், நான்கு வருடமும் மாறிவிடும். சொன்னதோடு விடாமல் ஒரு சீனியரிடம் ஒப்படைத்துவிட்டும் வருவார் அவர். அப்படிப்பட்ட ஆசிரியர்கள் சென்னையின் எல்லாக் கல்லூரிகளிலும் இருக்கிறார்கள். ஒரே ஆள் முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை ஒரு மாணவரைத் தெரிந்து வைத்திருப்பது எந்தச் செயலியாலும் தர முடியாத நன்மை. இந்த முறையின் உயிர் அதில் இருக்கிறது.

ஆனால் அண்ணா பல்கலைக்கழகத்தின் அதே ஒழுங்குமுறைப் பத்தியில்தான் கோளாறும் இருக்கிறது. வழிகாட்டுவதும் கண்காணிப்பதும் ஒரே ஆளிடம் கொடுக்கப்பட்டிருக்கின்றன. 75 சதவீத வருகை இல்லையென்றால் தேர்வு எழுத முடியாது. அதற்குக் கீழே போனால் மருத்துவச் சான்று, குறைவைப் பொறுத்துக்கொள்ளும் காண்டொனேஷன், அதுவும் இல்லையென்றால் ஹால் டிக்கெட் நிறுத்தம். இந்தத் தண்டனைப் பாதையில் முதல் ஆளாக நிற்பவர் ஆலோசகர். அப்பாவுக்குப் போன் போடுபவரும் அவர்தான். தனக்கு இந்தப் படிப்பு ஒத்துவரவில்லை, மாலையில் ஸ்விக்கி ஓட்டுகிறேன், காலையில் எழ முடியவில்லை என்பதை அவரிடம் எந்த மாணவர் சொல்வார்? சொன்னால் அடுத்த நாளே வீட்டுக்குத் தெரியும். எனவே எதைச் சொல்ல வேண்டுமோ அதை மறைத்து, எதை மறைக்கத் தேவையில்லையோ அதை மட்டும் சொல்லிவிட்டு வருகிறார்கள்.

வருகைப் பதிவை ஆலோசகரிடமிருந்து அடியோடு பிடுங்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு மாணவர் தடுமாறுகிறார் என்பதற்கு முதல் அடையாளம் வகுப்புக்கு வராமல் போவதுதான். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2012 முதல் சுமார் 800 அடையாளங்களைக் கணினியில் கவனித்து, தவறான பாடத்தில் பதிவு, அடிப்படைத் தாளில் குறைந்த மதிப்பெண் போன்றவை தெரிந்த உடனே ஆலோசகருக்குச் செய்தி அனுப்புகிறது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் முதல் தலைமுறையினரும் நிறையப் படிக்கும் இடம் அது. அங்கே செய்தி போவது தண்டிப்பதற்கல்ல, அழைத்துப் பேசுவதற்கு. அதற்காகவே கூடுதல் ஆலோசகர்களையும் நியமித்தார்கள். நம் கல்லூரிகளிலும் வருகை விவரம் ஆலோசகருக்கு வரட்டும். காண்டொனேஷனும் ஹால் டிக்கெட்டும் அலுவலகத்தோடு நிற்கட்டும்.

அடுத்தது கல்லூரிகளைத் தரமதிப்பிடும் 'நாக்' அமைப்புக்கான கோப்பு. நாக் மதிப்பீட்டில் ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்ற மென்டர் விகிதம் ஓர் அளவுகோல். நல்ல நோக்கத்தில் வைத்த கேள்விதான். விகிதத்தைக் கேட்டால் விகிதம் கிடைக்கும். ஒவ்வொரு ஆசிரியரிடமும் ஒரு மென்டர் நோட்டு. மாணவர் பெயர், தந்தை தொழில், இரத்த வகை, சந்தித்த தேதி, 'பேசப்பட்ட பொருள்' என்ற ஒரு பத்தி. குழு வருவதற்கு முந்தைய வாரம் அந்தப் பத்தியில் 'நன்றாகப் படிக்குமாறு அறிவுறுத்தப்பட்டது' என்று பக்கம் பக்கமாக நிரம்பும். யாரும் ஏமாற்ற நினைத்து இப்படிச் செய்வதில்லை. கால அட்டவணையில் இதற்கென்று பெரும்பாலும் நேரம் ஒதுக்கப்படுவதில்லை. யு.ஜி.சி. விதிப்படி உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும்; முப்பது மாணவர்களிடம் தனித்தனியாக உட்கார்ந்து பேசுவது அந்தப் பதினாறில் சேராது. அரசுக் கல்லூரிகளில் பல துறைகள் கௌரவ விரிவுரையாளர்களை நம்பியே ஓடுகின்றன. அடுத்த ஆண்டு தானே இருப்போமா என்று தெரியாதவரிடம் மூன்று ஆண்டுக்கு ஒரு மாணவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது எந்த வகையில் நியாயம்?

ஆனாலும் என்னை அதிகம் வருத்துவது இவற்றைவிட வேறொன்று. பட்டப்படிப்பில் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை எப்படி எடுத்தாலும் பெரிய நட்டமில்லை. இந்த விருப்பத்தாளா அந்த விருப்பத்தாளா என்பது மூன்று வருடத்தில் மறந்துபோகும். ஒரு சில முடிவுகள் மட்டும் திரும்ப முடியாதவை. அந்த ஒரு சிலவும் ஆலோசகர் ஒதுக்கப்படுவதற்கு முன்பே, சேர்க்கை மேசையில், பின்னால் வரிசை நெருக்கிக்கொண்டிருக்கும்போது, பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன.

எங்கள் பக்கத்து ஊரூர் ஆல்காட் குப்பத்திலிருந்து நகரின் ஒரு கல்லூரியில் பி.காம். சேர்ந்த பெண் ஒருத்தி, சென்ற ஜூலையில் ஒரு ஜெராக்ஸ் தாளோடு வீட்டுக்கு வந்தாள். அப்பா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் அவள். தாளில் என்.எம்.இ., அதாவது சொந்தத் துறைக்கு வெளியே எடுக்கும் விருப்பப் பாடம், என்ற தலைப்பின் கீழ் ஐந்தாறு தாள்கள்: ஊட்டச்சத்து, பத்திரிகை எழுத்து, அடிப்படைக் கணினி என்று. 'ஆன்ட்டி, நாளைக்குள்ள சொல்லணுமாம், எதை எடுக்கட்டும்?' என்றாள். பார்ட் ஒன்னில் என்ன மொழி என்று கேட்டேன். 'பிரெஞ்சு. தமிழ்னா கை வலிக்க எழுதணும், பிரெஞ்சுன்னா மார்க் அள்ளலாம்னு க்யூவுல ஒரு அக்கா சொன்னாங்க.' பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் படித்தவள் அவள். சென்னைப் பல்கலைக்கழக விதிப்படி, பள்ளியில் தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழி எடுக்கிறவர்களுக்கு என்.எம்.இ. கிடையாது, அந்த இடத்தில் சிறப்புத் தமிழ் படிக்க வேண்டும். தமிழே படிக்காதவர்களுக்கு அடிப்படைத் தமிழ். மற்றவர்களுக்குத்தான் அந்தப் பட்டியல். அவள் கையில் இருந்த தாளில் அவள் எடுக்கக்கூடிய ஒரு பாடமும் இல்லை.

தமிழிலிருந்து தப்பிக்க நினைத்தவளுக்குத் தமிழும் வந்தது, புதிதாக ஒரு மொழியும் வந்தது. பிழைத்துக்கொள்வாள், கெட்டிக்காரி. என்றாலும் விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தில் டிக் போட்டபோது அது எதை எதையெல்லாம் தொடுகிறது என்று சொல்ல மேசைக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை. அவளுடைய மென்டர் பெயர் அறிவிப்புப் பலகைக்கு வந்தது ஆகஸ்டில்.

இது சின்ன விஷயம். பெரிதாகும் இடங்களும் உண்டு. அரசுப் பணியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டம் மட்டுமல்ல, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். பள்ளி முழுவதும் தமிழில் படித்த ஒருவர், வரலாறோ பொருளாதாரமோ தமிழ் வழியில் கிடைக்கும் அரசுக் கல்லூரியில் 'இங்கிலீஷ் மீடியம்தான் மதிப்பு' என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாற்றி எழுதிக் கொடுத்தால், பட்டம் தேவைப்படும் பணிகளில் அந்த உரிமை போய்விடும். ஆங்கில வழிக்கு அவருக்கு நியாயமான காரணங்கள் இருக்கலாம். எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்து செய்யட்டும் என்பதுதான் என் வாதம்.

பட்டத்தின் பெயரும் அப்படித்தான். சுயநிதிப் பிரிவுகளில் பழைய பாடங்களோடு கணினி என்றும் தொழில் என்றும் ஓரிரு சொற்களைச் சேர்த்துப் புதிய பெயரில் பட்டங்கள் வந்தன. பணியாளர் தேர்வாணையமும் ஆசிரியர் தேர்வு வாரியமும் விண்ணப்பத்தில் கேட்பது குறிப்பிட்ட பாடப் பட்டத்தை. புதிய பெயர்ப் பட்டமும் அதுவும் ஒன்றுதானா என்பதை அரசின் இணைத்தன்மை ஆணைகள் தீர்மானிக்கின்றன. தேர்வில் வென்றபின் சான்றிதழ் சரிபார்ப்பில் இதில் சிக்கிக்கொண்டு நீதிமன்றம் வரை போனவர்கள் இருக்கிறார்கள். மேல்நிலைப் பள்ளியில் முதுநிலை ஆசிரியராக விரும்புகிறவர் இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்திலோ இணையான பாடத்திலோ படித்திருக்க வேண்டும். இது பதினேழு வயதில் தெரிந்தால் பயன்படும், இருபத்து மூன்றில் தெரிந்து பயனில்லை.

ஆடிட்டராக நினைக்கிறவருக்கோ எந்த ஷிஃப்ட் என்பதே பெரிய கேள்வி. சென்னையில் பல கல்லூரிகள் காலையில் அரசு உதவி பெறும் பிரிவும் மதியத்தில் சுயநிதிப் பிரிவுமாக நடக்கின்றன. சி.ஏ. படிப்பின் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி 2023இல் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்த பிறகு, பட்டத்தை முடித்துவிட்டுப் போவதா, கூடவே போவதா என்ற கணக்கையும் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது. பொறியியலில் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறை, கூடுதலாக 18 கிரெடிட் எடுத்தால் ஹானர்ஸோ மைனரோ பெறலாம் என்கிறது. அதற்கு நல்ல சி.ஜி.பி.ஏ. வேண்டும்; முதல் ஆண்டு மதிப்பெண்ணும் அதில் அடங்கும். ஐந்தாம் செமஸ்டரில் ஆசை வந்தால் மட்டும் போதாது.

இவ்வளவும் எங்கோ எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. தேடிப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். பெசன்ட் நகரின் அவென்யூக்களில் அந்த ஆள் வீட்டிலேயே இருக்கிறார். ஓய்வுபெற்ற மத்திய அரசு அதிகாரி தாத்தா, ஐ.ஐ.டி.யில் படித்த பெரியப்பா பையன், அமெரிக்காவிலிருந்து வாட்ஸாப்பில் பேசும் அத்தை. ஒழுங்குமுறையை அவர்கள் பிரித்துப் படிப்பார்கள், முதல்வரைப் பார்க்க நேரம் கேட்பார்கள், தேவைப்பட்டால் அடையாறில் இருக்கும் வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை மையத்துக்குப் பணம் கட்டுவார்கள். அரை கிலோமீட்டர் தள்ளிக் குப்பத்தில் அதே வயதுப் பெண்ணுக்குக் கிடைத்தது வரிசையில் நின்ற ஓர் அக்கா. கல்லூரியின் ஆலோசகர் முறை சரியாக நடந்தாலும் நடக்காவிட்டாலும் முதல் வீட்டுக்குப் பெரிய வித்தியாசமில்லை. இரண்டாம் வீட்டுக்கு அது மட்டும்தான் இருக்கிறது. எனவே இதை நிர்வாகச் சடங்காக விட்டுவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சீனியர்களை நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். பெசன்ட் நகரிலிருந்து மயிலாப்பூர், ஜெமினி வழியாகப் போகும் 29சி பேருந்தில் காலை எட்டு மணிக்கு ஏறினால், எந்த அலுவலகத்திலும் கிடைக்காத விவரம் கிடைக்கும்: எந்தத் தாளுக்கு நோட்ஸ் நம்பலாம், எந்த ஆசிரியர் கேள்வி கேட்டால் சந்தோஷப்படுவார், ஸ்காலர்ஷிப் படிவத்தை எந்தக் கவுன்டரில் கொடுக்க வேண்டும். நடைமுறையை அவர்களைவிட அறிந்தவர் இல்லை. ஆனால் தான் நடந்த பாதையைத்தான் அவர்கள் சொல்வார்கள், அதுவும் முடிக்காத பாதை. 'பிரெஞ்சில் மார்க் அள்ளலாம்' என்பது பொய்யல்ல. அந்த அக்கா அள்ளியிருப்பாள். கேட்ட பெண்ணின் பள்ளி, மொழி, ஆசை எதுவும் அவளுக்குத் தெரியாது.

ஒரு கல்லூரி முதல்வர் என்னிடம் கேட்டால் ஒரே ஒரு மாற்றத்தைச் சொல்வேன். மென்டர் பட்டியலை ஆகஸ்டில் ஒட்டாமல் சேர்க்கை நாளிலேயே தொடங்குங்கள். கட்டணம் கட்டும் மேசைக்கு முன்னால் இன்னொரு மேசை; அதில் துறை ஆசிரியர் ஒருவர், கூடவே மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர். ஒருவருக்குப் பதினைந்து நிமிடம். பள்ளியில் எந்த வழியில் படித்தாய், எந்த மொழி படித்தாய், அரசு வேலை, ஆசிரியர் வேலை, சி.ஏ., மேற்படிப்பு என்று மனத்தில் ஏதாவது இருக்கிறதா, வீட்டிலிருந்து வர எவ்வளவு நேரம் ஆகும், படிக்கும்போதே வேலை பார்க்க வேண்டியிருக்குமா. இந்தக் கேள்விகளைக் கேட்டுவிட்டு, இந்த விண்ணப்பத்தில் பின்னால் மாற்ற முடியாத கட்டங்கள் எவை என்று பேனாவால் வட்டமிட்டுக் காட்டினால் போதும். முடிவை அந்தப் பிள்ளையே எடுக்கட்டும். அந்த ஆசிரியரே பட்டம் முடியும்வரை அவளுக்கு ஆலோசகர். செமஸ்டருக்கு இரண்டு முறை அவர்கள் உட்கார்ந்து பேசும் நேரத்தைக் கால அட்டவணையில் போட்டு, அவருடைய பதினாறு மணி நேரத்தில் சேர்த்துவிடுங்கள். கௌரவ விரிவுரையாளர் என்றால் அந்த நேரத்துக்கும் ஊதியம் கொடுங்கள்.